ஊசியும் நூலும் – 6: பர்ல் இத்தனை காலம் எங்கே இருந்தது?

கண்ணி ஏற்றுவதும் நிட் கண்ணியும் முடிந்தாயிற்று. எல்லா வரிசையையும் நிட்டாகவே போட்டு, ஒரு சாண் பட்டையாவது உங்கள் ஊசியில் தொங்கிக்கொண்டிருக்கும் என்று நம்பி மேலே போகிறேன். இந்த வாரம் பர்ல் பழகி, கண்ணிகளை அடைத்து, பட்டையை ஊசியிலிருந்து இறக்கிவிடலாம் என்று சொல்லியிருந்தேன். பர்ல் நிச்சயம் உண்டு. அடைப்பதற்கு இடம் கிடைக்கிறதா என்று பார்ப்போம்.

வீட்டில் இருக்கும் வட்டக் கழுத்து டி-ஷர்ட் ஒன்றை எடுத்து ஜன்னலோரம் வாருங்கள். பூதக்கண்ணாடி இருந்தால் நல்லது. வெளிப்பக்கத்தில் குட்டி குட்டி 'வி' வடிவங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நெட்டுக்குத்தாக ஏறிப்போகும். உட்பக்கம் திருப்பினால் 'வி' காணாமல் போய், மேடு மேடான வளைவுகள் குறுக்கே ஓடும். இரண்டும் அதே கண்ணிதான். வெளியே நிட்டாகத் தெரிவது உள்ளே பர்ல். புதுக் கண்ணியைப் பழைய கண்ணி வழியாக நம் பக்கம் இழுத்தால் நிட். அந்தப் பக்கம் தள்ளினால் பர்ல்.

கையில் செய்து பாருங்கள். 8ஆம் நம்பர் ஊசி, அதாவது 4 மில்லிமீட்டர், போதும். நிட்டுக்கு நூல் ஊசிக்குப் பின்னால் இருந்தது அல்லவா? இப்போது முன்னால் கொண்டுவாருங்கள். வலது ஊசியை முதல் கண்ணியின் முன்பக்கமாக வலமிருந்து இடமாக நுழையுங்கள். முனையில் நூலை ஒரு சுற்று சுற்றி, அந்தச் சுற்றோடு ஊசியைக் கண்ணி வழியே பின்னால் தள்ளி வெளியே எடுங்கள். பழைய கண்ணியை இடது ஊசியிலிருந்து நழுவவிடுங்கள். அவ்வளவுதான். புதுக் கண்ணியின் கழுத்தடியில் ஒரு சின்ன முடிச்சுப் போலத் தெரிகிறதே, அதுதான் அடையாளம். ஒரு வரிசை நிட், அடுத்தது பர்ல் என்று மாற்றி மாற்றிப் போட்டால் டி-ஷர்ட்டின் முகம் உங்கள் ஊசியிலேயே வந்துவிடும்.

இத்தனை எளிய பர்லைப் பழைய பின்னல்களில் தேடினால் கிடைப்பதில்லை! வாரம் முழுக்க என் மனம் இதிலேயே நிற்கிறது. எகிப்தில் கிடைத்த இடைக்காலப் பருத்திக் காலுறைகள் இருக்கின்றன. நீலமும் வெள்ளையும் கலந்து, பார்த்தால் கண்ணெடுக்க முடியாத வேலைப்பாடு. அவற்றில் நிட் மட்டும்தான். அவ்வளவு தேர்ந்த கைகளுக்குப் பர்ல் வரவில்லை என்று யாராவது சொல்ல முடியுமா? அவர்களுக்குத் தேவைப்படவில்லை. காலுறையைப் பல ஊசிகளில் வட்டமாகச் சுற்றிப் பின்னும்போது துணியைத் திருப்பவே வேண்டாம். வெளிப்பக்கம் எப்போதும் பின்னுகிறவரைப் பார்த்தே இருக்கும். நிட் மேல் நிட்டாகப் போய்க்கொண்டே இருக்கலாம். ஜெர்மனியில் மாஸ்டர் பெர்ட்ராம் 1400 வாக்கில் வரைந்த ஓவியத்தில் மாதா குழந்தைச் சட்டை ஒன்றைப் பின்னுகிறார். அங்கேயும் நான்கு ஊசி, அங்கேயும் வட்டம். நாம் இரண்டு ஊசியில் போய் வந்து, ஒவ்வொரு வரிசைக்கும் திருப்புகிறோம். அதனால்தான் பர்ல் நமக்கு இரண்டாவது பாடமாகவே வந்து நிற்கிறது.

அப்படியானால் பர்லை வேண்டும் என்றே, அழகுக்காகப் போட்டது யார்? காலம் உறுதியாகத் தெரிந்த மிகப் பழைய சான்றுகளில் ஒன்று புளோரன்ஸில் இருக்கிறது. மெடிச்சி குடும்பத்துக் கோசிமோவின் மனைவி, தொலேதோவின் எலியனோரா. ப்ரான்சினோ வரைந்த ஓவியத்தில் மகனை அணைத்தபடி, கனத்த பட்டு அங்கியில் உட்கார்ந்திருப்பாரே, அவரேதான். 1562இல் இறந்தபோது சிவப்புப் பட்டுக் காலுறைகளோடு அடக்கம் செய்தார்கள். பின்னாளில் கல்லறையைத் திறந்தபோது அவையும் கிடைத்தன. வட்டமாகப் பின்னியவைதான், பர்ல் இல்லாமலே முடித்திருக்கலாம். இருந்தும் நிட்டுக்கு நடுவே பர்லை வைத்துக் கோலம் காட்டியிருக்கிறார்கள். பின்னியவரின் பெயர் யாருக்கும் தெரியாது. எனக்கு எலியனோராவைவிட அந்தக் கைகள்மேல்தான் மரியாதை.

கைதான் இப்படி என்றால் இயந்திரத்தின் கதையும் இதே. இங்கிலாந்தில் வில்லியம் லீ 1589இல் காலுறை பின்னும் தறியைச் செய்தார். கையால் பின்னிப் பிழைப்பவர்களின் வயிற்றில் அடிக்கும் என்று எலிசபெத் ராணி உரிமம் தர மறுத்ததாக ஒரு கதை உண்டு. அந்தத் தறியில் கண்ணிகள் எல்லாம் ஒரே பக்கமாகத்தான் வரும். எதிர்ப்பக்கம் தள்ளும் வித்தைக்கு 1758-59 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. டெர்பிஷயரில் ஜெடடையா ஸ்ட்ரட், வண்டிச்சக்கரம் செய்யும் தொழில் பழகியவர், லீயின் தறியோடு இன்னொரு ஊசி வரிசையைச் சேர்த்தார். நிட்டும் பர்லும் அடுத்தடுத்து வந்தன. நன்றாக விரிந்து சுருங்கும் ரிப் காலுறை பிறந்தது. கிட்டத்தட்ட 170 ஆண்டுகள்! இன்றும் திருப்பூரில் டி-ஷர்ட் துணியான சிங்கிள் ஜெர்ஸியை ஓட்டும் வட்ட மெஷினுக்கு ஒரு செட் ஊசி போதும், ரிப் மெஷினுக்கு இரண்டு செட் வேண்டும்.

அந்த ரிப் உங்கள் டி-ஷர்ட்டின் கழுத்துப்பட்டியிலேயே இருக்கிறது. இரு விரலால் இழுங்கள். நிட் வரிகள் விலக, நடுவே பதுங்கியிருந்த பர்ல் வரிகள் தலைகாட்டும். விட்டால் மறுபடி ஒளிந்துகொள்ளும். தலை நுழைந்ததும் கழுத்து பழைய அளவுக்குத் திரும்புவது இதனால்தான். ஊசியில் செய்ய இரண்டு நிட், இரண்டு பர்ல் என்று போகலாம். ஒன்று மட்டும் கவனம்: நிட்டுக்குப் பிறகு பர்லுக்குப் போகும்போது நூலை இரண்டு ஊசிக்கும் இடையிலிருந்து முன்னால் கொண்டுவாருங்கள். ஊசியின் மேலே போட்டுக் கொண்டுவந்தால் கேட்காத கண்ணி ஒன்று கூடுதலாகச் சேர்ந்து, பட்டை அகன்றுகொண்டே போகும்.

ஸ்கார்ஃப் ஓரம் பாயாகச் சுருட்டிக்கொள்கிறது என்று ஒரு வாசகி வருத்தப்பட்டு எழுதியிருந்தார். உங்கள் கையில் குறை இல்லை, அம்மா. ஒரு பக்கம் முழுக்க நிட்டாக, மறுபக்கம் முழுக்க பர்லாக இருக்கும் துணியின் சுபாவம் அது. பழைய டி-ஷர்ட்டின் கீழ் மடிப்பை வெட்டிப் பாருங்கள், அதுவும் வெளிப்பக்கமாகச் சுருளும். இரு ஓரத்திலும் நாலைந்து கண்ணிகளை எல்லா வரிசையிலும் நிட்டாகவே போட்டு வந்தால் பெருமளவு அடங்கும்.

கண்ணி அடைப்பது அடுத்த வாரம்தான். அதுவரை பட்டை ஊசியிலேயே இருக்கட்டும். முனையில் ஒரு ரப்பர் பேண்டைச் சுற்றிவைத்தால் கண்ணிகள் நழுவாது.