மூன்று ஆண்டுக் கணக்கு

புதிதாகச் சேர்ந்த மாணவர் ஒருவரிடம், "படித்து முடித்து என்ன செய்யப் போகிறாய்?" என்று கேட்டுப் பாருங்கள். "முதலில் பட்டம் வாங்கிவிடுகிறேன் ஐயா, பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்பதே பெரும்பாலும் விடையாக வரும். அரசு கலைக் கல்லூரிகளில் பயில்வோருள் பலர் தம் குடும்பத்தின் முதற் பட்டதாரிகள். பட்டம் வந்த மறுமாதமே வருவாய் வரும் என்று வீட்டில் காத்திருக்கிறார்கள். ஆனால் பணிக்குரிய தகுதிகளுள் சில, தொடங்கிய நாளிலிருந்து ஈராண்டு கேட்பவை.

தட்டச்சையே எடுத்துக்கொள்வோம். கணினி வந்தபின் இது எதற்கு என்று சிலர் நகைப்பர். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் நான்காம் தொகுதித் தேர்வு வழியாகத் தட்டச்சர் பணியிடங்கள் இன்றும் நிரப்பப்படுகின்றன. தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் முதுநிலை தேறியவருக்கே அதில் முன்னுரிமை. ஆங்கிலத்தில் இளநிலைக்கு நிமிடத்திற்கு 30 சொற்கள். முதுநிலைக்கு 45 சொற்கள். அரசுத் தேர்வு ஆண்டுக்கு இருமுறை நடைபெறுகிறது. இரண்டு மொழி, இரண்டு நிலை, ஆக நான்கு தேர்வுகள். ஒரு முறைக்கு ஒன்றாக எழுதினாலும் இரண்டு ஆண்டுகள் ஆகும். முதலாண்டிலேயே காலையில் ஒரு மணி நேரம் பயிலகத்திற்குச் சென்றவர், பட்டத்தோடு இச்சான்றிதழ்களையும் கையில் வைத்திருப்பார்.

நான்காம் தொகுதித் தேர்வுக்கு அடிப்படைத் தகுதி பத்தாம் வகுப்புத் தேர்ச்சிதான். 18 வயது நிரம்பியவர் கல்லூரியில் படித்துக்கொண்டே எழுதலாம். வினாக்கள் 200, மதிப்பெண்கள் 300. அவற்றுள் சரிபாதி தமிழ். 2021 டிசம்பரில் வந்த அரசாணைக்குப் பின், தமிழ்ப் பகுதியில் 40 விழுக்காடு பெறாதவரின் மறுபகுதி மதிப்பீட்டுக்கே எடுத்துக்கொள்ளப்படுவதில்லை. பகுதி ஒன்று தமிழ் வகுப்பென்றால் சிற்றுண்டிச் சாலையை நாடும் நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும்!

இரண்டாம் தொகுதிக்குப் பட்டம் வேண்டும். அறிவிக்கை வெளியாகும் நாளில் அதைப் பெற்றிருக்கவும் வேண்டும். மத்தியக் குடிமைப் பணித் தேர்வோ அப்படியன்று. இறுதியாண்டு மாணவரும், 21 வயதுக்குரிய வரம்பு பொருந்துமாயின், முதல்நிலைத் தேர்வை எழுதலாம்.

ஆசிரியப் பணியை விரும்புவோர்க்குக் கணக்கே வேறு. மூன்றாண்டுப் பட்டம், ஈராண்டு பி.எட்., பட்டதாரி ஆசிரியராவதற்குத் தகுதித் தேர்வு. ஐந்தாண்டுக்கு மேலாகும் என்பதைப் பெற்றோரிடம் இப்போதே சொல்லிவிடுவது நல்லது. மூன்றாம் ஆண்டு முடிவில் சொன்னால் வீட்டில் வருத்தமே மிஞ்சும்.

தமிழ்வழியில் படித்தோர்க்கு மாநில அரசுப் பணிகளில் 20 விழுக்காடு முன்னுரிமை உண்டு. 2010ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தந்தது. முதல் வகுப்பிலிருந்தே தமிழ்வழியில் பயின்றதற்குச் சான்று கேட்கிறார்கள். இரண்டு மூன்று பள்ளிகள் மாறியவர், விண்ணப்பத்தின் கடைசி நாளில் அலையாமல், இந்தக் கோடை விடுமுறையிலேயே அங்கெல்லாம் ஒரு நடை போய்வரலாம்.