முதுகுவலிதானே என்று விட்டுவிடாதீர்கள்



1977 கலவரத்துக்குப் பிறகு நம்ம சனங்களில் சிலர் திருகோணமலைப் பக்கம் போய்க் குடியேறினார்கள். அப்படிப் போன எங்கள் மாமா ஒருவர் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். அறுபத்தைந்து வயதில் இடுப்புவலி வந்தது. "சுமந்த உடம்பு, வலிக்கத்தானே செய்யும்" என்று நாங்களும் சொன்னோம். கடையில் வாங்கிய வலி மாத்திரையிலேயே ஐந்து மாதம் போய்விட்டது. ஒருநாள் வாளித் தண்ணீரைத் தூக்கும்போது முதுகெலும்பு நொறுங்கியது. பிறகுதான் 'மல்டிபிள் மைலோமா' என்றார்கள்.

எலும்பு மச்சையில் உண்டாகும் புற்றுநோய் இது. தொற்றாது. கிருமியை எதிர்க்கும் புரதத்தைச் செய்கிற பிளாஸ்மா செல்கள் கெட்டுப்போய்ப் பெருகும். எலும்பு அரிபடும், இரத்தம் குறையும், அவை செய்யும் உதவாத புரதம் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

இதில் சங்கடம், ஒவ்வொன்றுக்கும் நம்மிடம் ஒரு காரணம் தயாராக இருப்பதுதான். முதுகுவலியா, கொழுந்துக்கூடை. சோகையா, சாப்பாடு போதாது. சிறுநீரகக் கோளாறா, பதவி ஸ்ரீபுரம் பக்கம் காரணம் தெரியாத சிறுநீரக நோய் இருக்கிறதே, அதுவாக இருக்கும். தனித்தனியாகப் பார்த்தால் அநேகமாகச் சரிதான். ஆனால் ஐம்பது, அறுபது தாண்டிய ஒரே ஆளுக்கு இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் சும்மா இருக்கக்கூடாது. ஓய்வெடுத்தும் வாரக்கணக்கில் விடாத எலும்புவலி, காரணமில்லாத களைப்பு, மெலிவு, அடிக்கடி சளிக்காய்ச்சல், அதிக தாகம், மலச்சிக்கல் இவற்றையும் கவனியுங்கள்.

தோட்ட மருந்துக்காரரிடமோ அரசாங்க ஆஸ்பத்திரியிலோ எல்லாவற்றையும் ஒன்றாகச் சொல்லுங்கள். வெட்கம் வேண்டாம். முதலில் இரத்த எண்ணிக்கை, ஈ.எஸ்.ஆர்., கல்சியம், கிரியேட்டினின் பார்ப்பார்கள். சந்தேகமிருந்தால் இரத்தப் புரதத்தைப் பிரித்துப் பார்க்கும் சோதனை, பிறகு மச்சைச் சோதனை. சலத்தில் தாள் தோய்த்துப் பார்ப்பதில் இந்தப் புரதம் தப்பிவிடலாம். இந்தச் சலப் புரதத்தைப் பற்றி 1840களிலேயே லண்டனில் பென்ஸ் ஜோன்ஸ் என்ற டாக்டர் எழுதிவைத்தார். இன்றும் அவர் பெயரைத்தான் சொல்கிறார்கள்.

இன்னொன்று. டைக்ளோபினாக், இபுபுரோபன் போன்ற மாத்திரைகளை டாக்டரைக் கேட்காமல் விழுங்க வேண்டாம். ஏற்கனவே பழுதான சிறுநீரகத்தை அவை மேலும் கெடுக்கும். முதுகுவலியோடு கால் மரத்தாலோ, பலம் குறைந்தாலோ, சலம் போகாமல் நின்றாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

அநேகம் பேருக்கு இந்த நோய் முற்றாக மாறுவதில்லை. மருந்தால் பல வருடம் அடக்கி வைக்கலாம். மாமாவை மகரகமை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். இடுப்பில் பட்டி கட்டிக்கொண்டு நடக்கிறார். மூட்டை மட்டும் தூக்குவதில்லை.