மூப்பும் பயணமும்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் மாமல்லபுரத்துத் தெருக்களில் வெளிநாட்டார் கூட்டம் பெருகத் தொடங்குகிறது. தொப்பியும் ஊன்றுகோலும் தண்ணீர்க் குப்பியுமாக, வழிகாட்டி ஒருவரைச் சூழ்ந்து மெல்ல நடக்கும் அவர்களுள் பலர் அறுபதைக் கடந்தவர்கள். பணி ஓய்வு பெற்று, பிள்ளைகளை ஆளாக்கிய பின்னர், நெடுநாள் ஒத்திவைத்திருந்த ஆவலை நிறைவேற்றிக்கொள்ளக் கடல் கடந்து வந்தவர்கள். தம் நாட்டுக் கடுங்குளிரிலிருந்து வருவோருக்கு மார்கழி, தைத் திங்கள்களின் இளவெயிலே ஒரு விருந்துதான்.

முதியோருக்கான குழுச் சுற்றுலா வளர்ந்த கதை சுவையானது. இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள ஃபோக்ஸ்டன் நகரில் விடுதி நடத்திய சிட்னி டி ஹான், கோடை கழிந்ததும் வெறுமையாகிவிடும் அறைகளை நிரப்ப வழி தேடினார். பள்ளி விடுமுறைக்கோ அலுவலக விடுப்புக்கோ கட்டுப்படாதவர்கள் யார்? ஓய்வு பெற்றவர்கள்! 1951ஆம் ஆண்டு அவர்களைக் குறைந்த செலவில் அழைத்தார். அம்முயற்சியே 'சாகா' என்னும் நிறுவனமாக வளர்ந்தது. 1975இல் அமெரிக்காவில் தோன்றிய 'எல்டர்ஹாஸ்டல்' வேறொரு வழியில் சென்றது. கோடையில் மாணவர் இல்லாத கல்லூரி விடுதிகளில் முதியோரைத் தங்கவைத்துப் பாடம் நடத்தியது. ஊர் பார்ப்பதோடு கற்பதும் பயணத்தின் பகுதியாயிற்று.

குழுவாகச் செல்வதில் வசதிகள் பல. பெட்டி சுமக்க வேண்டியதில்லை. மொழி தெரியாத ஊரில் வண்டிக்கும் உணவுக்கும் அலைய வேண்டியதில்லை. உடல் நலம் குன்றினால் உதவ ஆள் உண்டு. துணையை இழந்து தனித்து வாழ்வோருக்குப் பேச்சுத் துணையும் கிடைக்கிறது. ஆனால் குழுவின் கால அட்டவணை எவருக்காகவும் காத்திருப்பதில்லை. இரண்டு மணி நேரத்தில் மாமல்லையைப் பார்த்து முடித்துப் பேருந்தேறும் குழுக்கள், பார்த்தவற்றைவிடக் கடந்து சென்றவையே மிகுதி.

1984ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலகப் பண்பாட்டுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட இவ்வூரின் சிற்பங்கள் அவசரக் கண்களுக்கு எளிதில் பிடிபடுவதில்லை. அருச்சுனன் தவம் என்றும் பகீரதன் தவம் என்றும் அறிஞர்கள் இருவிதமாகப் பொருள் கூறும் பெரும்பாறைச் சிற்பம் ஏறத்தாழ 30 மீட்டர் நீளமுடையது. பாறையின் இயற்கைப் பிளவையே ஆறாக்கி, அதில் நாகர்களைச் செதுக்கியுள்ளனர் பல்லவச் சிற்பிகள். யானையின் காலடியருகே ஒரு பூனை இரு கைகளையும் உயர்த்தித் தவம் செய்கிறது. அதை நம்பி எலிகள் சூழ்ந்து நிற்கின்றன. பொய்த்தவம் எந்நாட்டாருக்கும் தெரிந்த செய்தியாதலால், இவ்விடத்தில் மொழிபெயர்ப்பின்றியே சிரிப்பு எழும். சிற்பம் தெருவோரமாகவே இருப்பதால் படியேற வேண்டியதில்லை. கிழக்கு நோக்கிய பாறை காலையில் ஒளிபெறுகிறது. பிற்பகலில் தன் நிழலைத் தானே தருகிறது.

எல்லா இடமும் இவ்வளவு எளிதன்று. மகிடாசுரமர்த்தினி குகைக்குப் பாறைச் சரிவில் ஏற வேண்டும். ஐந்து இரதங்களைச் சுற்றியுள்ள மணலில் சக்கர நாற்காலி புதையும். கைப்பிடிக் கம்பி, நிழலில் ஓர் இருக்கை, தூய கழிப்பறை ஆகிய மூன்றும் இருந்தால் ஒரு முதியவர் மேலும் ஒரு மணி நேரம் நின்று பார்ப்பார். 2016ஆம் ஆண்டின் உலகச் சுற்றுலா நாளுக்கு 'அனைவருக்கும் சுற்றுலா' என்பதே கருப்பொருளாக அமைந்தது. இது அயலாருக்கு மட்டும் உரிய தேவையன்று. பேரனின் கையைப் பற்றியபடி செங்கற்பட்டிலிருந்து பேருந்தில் வந்து இறங்கும் பாட்டிக்கும் அதே முழங்கால் வலிதான்.

பெரும்பாலான குழுக்கள் இங்கிருந்து நேரே புதுச்சேரிக்குச் சென்றுவிடுகின்றன. வழியில், மாமல்லைக்குத் தெற்கே சிறிது தொலைவில், சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர் கட்டிய கோட்டை சிதைந்து கிடக்கிறது. அதன் உள்ளே, நாடு திரும்பாமல் இம்மண்ணிலேயே மடிந்த வணிகர்களின் கல்லறைகள் உள்ளன. அவற்றின் மீது நுணுக்கமாகப் பொறிக்கப்பட்ட பழைய டச்சு எழுத்துகளை, நெதர்லாந்திலிருந்து வரும் முதியவர் ஒருவர் வழிகாட்டியின் துணையின்றித் தாமே எழுத்துக்கூட்டிப் படிக்கலாம்.