பூஜை அறையில் ஒரு பழைய கடல்

மந்தைவெளியில் சில வீடுகளின் பூஜை அறையில் சாளக்கிராமம் இருக்கும். வழவழப்பான கறுப்புக் கல். உங்கள் வீட்டில் இருந்தால், பாட்டியிடம் கேட்டுவிட்டு அருகில் போய்ப் பாருங்கள். பல சாளக்கிராமங்களில் சக்கரம் போல ஒரு சுருள் தெரியும். அது ஒரு கடல் உயிரின் ஓடு பதிந்த தடம்! அதன் பெயர் அம்மோனைட். கணவாய்க்குத் தூரத்து உறவு. சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன், டைனோசர் காலத்தில் நீந்தியது.

ஆனால் இந்தக் கல் கிடைப்பதோ நேபாளத்தில், இமயமலையிலிருந்து இறங்கும் கண்டகி ஆற்றில். மலைக்குக் கடல் உயிர் எப்படி வந்தது?

அப்போது அங்கே மலையே இல்லை. டெத்திஸ் என்ற பெருங்கடல் இருந்தது. அதன் தென்கரைதான் இந்தியா. நம் பக்கத்திலோ கடலே கிடையாது. கிழக்குக் கரையை ஒட்டி அண்டார்க்டிகா இருந்தது! இன்று பட்டினப்பாக்கத்தில் அலை அடிக்கும் திசையில் அன்று நிலம்தான்.

சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியாவும் அண்டார்க்டிகாவும் பிரியத் தொடங்கின. இடைவெளியில் கடல் புகுந்தது. வங்காள விரிகுடா பிறந்தது இப்படித்தான். இந்தியா வடக்கே நகர நகர, பின்னால் புதுக்கடல் அகன்றது, முன்னால் டெத்திஸ் சுருங்கியது. சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா ஆசியாவோடு மோதியது. டெத்திஸின் அடியில் கிடந்த சேறும் ஓடுகளும் மடிந்து, இமயத்தோடு மேலே எழுந்தன.

இதற்குப் பிறகு நடப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கண்டகி கங்கையில் கலக்கிறது. கங்கையும் பிரம்மபுத்திராவும் இமயத்தை அரித்து, வண்டலை வங்காள விரிகுடாவில் கொட்டுகின்றன. விரிகுடாவின் வடக்கே சில இடங்களில் அந்த வண்டல் 16 கிலோமீட்டருக்கும் அதிகத் தடிமன். மறைந்துபோன கடலின் தரை, நம் கடலின் தரையில் வந்து படிகிறது!

கடல்கள் இப்படி மாறினாலும் தண்ணீர் மிகப் பழையது. ஒரு குடத்திலிருந்து இன்னொரு குடத்துக்கு ஊற்றுவதுபோல அது இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸில் கிடைத்த சிர்கான் மணிகளில் மிகப் பழையவற்றுக்கு வயது சுமார் 440 கோடி ஆண்டுகள். அந்தக் காலத்திலேயே பூமியில் தண்ணீர் இருந்திருக்கிறது என்பதற்கு அவை தடயம்.

கடல் எப்போதும் இருக்குமா? சூரியனின் ஒளி மெல்லக் கூடிவருகிறது. இன்னும் சுமார் 100 கோடி ஆண்டுகளில் கடல்கள் ஆவியாகிவிடும் என்பது விஞ்ஞானிகளின் கணிப்பு. அது ரொம்பத் தூரம். ஆனால் புவி சூடாவதால் கடல்மட்டம் உயர்வது இப்போதே நடக்கிறது. நாம் கவலைப்பட வேண்டியது அதற்குத்தான்.

பூமிக்கு வெளியிலும் தண்ணீர் உண்டா? செவ்வாயில் ஒரு காலத்தில் ஆறும் ஏரியும் இருந்தன, வறண்டுவிட்டன. சனியின் நிலா என்சலாடஸிலோ, பனி ஓட்டுக்கு அடியில் இன்றும் உப்புக்கடல் இருக்கிறது. அங்கிருந்து நீர் விண்வெளியில் பீறிடுவதை 2005-ல் காசினி விண்கலம் கண்டது. வியாழனின் நிலா யூரோப்பாவில், பூமியின் கடல்களைப்போல இரண்டு மடங்கு நீர் இருக்கலாம். அதை ஆராய 2024 அக்டோபரில் புறப்பட்ட யூரோப்பா கிளிப்பர், 2030-ல் வியாழனை அடையும்.

பூமியின் ஆழ்கடலில் இறங்கும் முயற்சி நம் ஊரிலும் நடக்கிறது. பள்ளிக்கரணையில் தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. மூன்று பேரை 6000 மீட்டர் ஆழத்துக்கு அழைத்துச் செல்ல மத்ஸ்யா 6000 என்ற நீர்மூழ்கியை உருவாக்கிவருவது அவர்கள்தான். ஆனால் யூரோப்பாவின் பனியைத் துளைத்து, அடியில் இருக்கும் கடலில் இறங்கும் கருவியை இதுவரை யாரும் அனுப்பவில்லை. அது எப்படி இருக்க வேண்டும்? வரைந்து பாருங்கள், செல்லங்களே!