பட்டணத்தில் நமக்கும் ஒரு வாசல்



தைப்பூசத்துக்குக் கோலாலம்பூர் வராத தோட்டக் குடும்பம் அநேகமாக இராது. பத்துமலையில் 272 படிகள் ஏறி முருகனை வணங்குகிறோம். மகாமாரியம்மன் கோயிலுக்குப் போகிறோம். பிறகு கடைத்தெருவில் பிள்ளைகளுக்குத் துணிமணி, வீட்டுக்குப் பாத்திரம் பண்டம். பொழுது சாய்ந்ததும் பஸ் ஏறி விடுகிறோம். வழியில் பெரிய பெரிய கட்டடங்கள் தென்படுகின்றன. “அது என்னப்பா?” என்று பிள்ளை கேட்டால், “அதெல்லாம் கவர்மெண்டு கட்டடம்” என்று சொல்லி முடித்து விடுகிறோம்.

அப்படி நாம் கடந்துபோகும் கட்டடங்களில் சில, பொதுமக்கள் உள்ளே வந்து பார்க்க வேண்டும் என்பதற்காகவே கட்டப்பட்டவை. பொதுமக்கள் என்றால் அதில் நாமும் அடக்கம். இன்று அவற்றில் சிலவற்றைப் பற்றிப் பேசலாம்.

சில ஆண்டுகளுக்கு முன் என் அக்காள் குடும்பத்தாரைத் தேசிய அரும்பொருளகத்துக்கு அழைத்துப் போனேன். அக்காளின் மாமியாரும் வந்திருந்தார். நாற்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். வாசற்படிக்கு வந்ததும் நின்றுவிட்டார்.

“தம்பி, நான் இப்படியே உட்கார்ந்திருக்கேன். நீங்க பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போய்க் காட்டிட்டு வாங்க. உள்ளே யாராச்சும் ஏதாச்சும் கேட்டா எனக்குப் பதில் சொல்லத் தெரியாது” என்றார்.

“யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள், அத்தை. வாருங்கள்” என்றேன்.

கோயிலுக்குள் போவதைப் போலச் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். காவலுக்கு நின்ற மலாய்க்காரப் பெரியவர் சிரித்துக்கொண்டே, போட்டுக்கொள்ளலாம் என்று சைகை காட்டினார். உள்ளே எல்லாவற்றையும் அமைதியாகப் பார்த்துக்கொண்டு வந்தார், வாய் திறக்கவில்லை. வெளியில் வந்தால், வளாகத்தில் பழைய இரயில் எஞ்சின் ஒன்று நிற்கிறது. பேரன் அதன் பக்கத்திலிருந்த பலகையை உரக்கப் படித்தான். அப்போதுதான் பாட்டி பேசத் தொடங்கினார்.

“கல்யாணம் முடிஞ்சு உங்க தாத்தா என்னை இந்த மாதிரி வண்டியிலதான்டா கூட்டிக்கிட்டு வந்தாரு. கரித்தூள் விழுந்து என் புதுச் சேலையெல்லாம் கறுப்பாப் போச்சு. தோட்டத்துல இறங்கி நடந்தப்போ ஒரே அழுகை.”

பேரனுக்கு அது புதுச் செய்தி. திரும்பும் வழியெல்லாம் பாட்டியை விடாமல் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தான். பலகையில் எழுதியிருந்ததைப் பேரன் படித்தான். எழுதாததைப் பாட்டி சொன்னார். அரும்பொருளகத்துக்குப் போவதன் பயனை அன்றுதான் நான் நன்றாக உணர்ந்தேன்.

இனி அந்த இடத்தைப் பற்றிச் சொல்கிறேன். முன்பு அங்கே சிலாங்கூர் அரும்பொருளகம் இருந்தது. இரண்டாம் உலகப் போரின் கடைசி ஆண்டான 1945-இல் விமானங்கள் வீசிய குண்டு விழுந்து அதன் ஒரு பகுதி அழிந்து போயிற்று. சேர்த்து வைத்திருந்த பொருள்களில் பல பாழாயின. சுதந்திரம் பெற்ற பிறகு அதே இடத்தில் புதுக் கட்டடம் எழுப்பி, 1963 ஆகஸ்ட் 31-ஆம் நாள் தேசிய அரும்பொருளகமாகத் திறந்தார்கள். மலாய் அரண்மனையின் சாயலில் கூரை அமைந்திருக்கிறது. வாசலின் இரு பக்கச் சுவர்களிலும் சிறு சிறு கண்ணாடித் துண்டுகளைப் பதித்து நீண்ட சித்திரங்கள் செய்திருக்கிறார்கள். ஒன்று நாட்டின் வரலாற்றைச் சொல்கிறது. மற்றொன்று மக்களின் கைத்தொழில்களையும் கலைகளையும் காட்டுகிறது. உள்ளே போகுமுன் ஐந்து நிமிடம் நின்று அவற்றைப் பாருங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது.

உள்ளே நான்கு கூடங்கள். ஆதி காலம், மலாய் அரசுகளின் காலம், அந்நியர் ஆட்சிக் காலம், இன்றைய மலேசியா என்று வரிசையாக அமைந்தவை. அங்குள்ள செல்வங்களில் ஒன்று, எட்டுக் கைகளை உடைய அவலோகிதேசுவரர் என்னும் போதிசத்துவரின் வெண்கலச் சிலை. அது 1936-இல் பேராக்கில், பீடோர் என்னும் ஊரின் ஈயச் சுரங்கத்தில் கிடைத்தது. ஈயத்துக்காகத் தோண்டிய மண்ணுக்குள் பல நூறு ஆண்டுகளாக அந்தச் சிலை புதைந்து கிடந்திருக்கிறது.

கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்குப் பற்றியும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பழைய தமிழ் நூல்களும் சோழர் கல்வெட்டுகளும் கடாரம் என்று குறிப்பது அந்தப் பகுதியைத்தான். 1025-ஆம் ஆண்டளவில் இராசேந்திர சோழனின் கப்பற்படை அங்கே வந்தது. அதற்குப் பல நூறு ஆண்டுகள் முன்பே வணிகர்கள் வந்து போயிருக்கிறார்கள். நம் பாட்டன்மார் கித்தாக் காட்டுக்கு வந்ததுதான் இந்த மண்ணோடு தமிழருக்கு ஏற்பட்ட முதல் உறவு என்று நினைக்கும் பிள்ளைக்கு இது பெரிய செய்தி.

அடுத்தது தேசியக் கலைக்கூடம். ஜாலான் துன் ரசாக்கை ஒட்டிய பகுதியில் இருக்கிறது. இது தொடங்கிய கதை கேட்கத் தக்கது. 1958-இல் தொடங்கியபோது அதனிடம் இருந்தவை நான்கே படைப்புகள். அவையும் நன்கொடையாக வந்தவை. இன்று ஆயிரக்கணக்கில் பெருகியிருக்கின்றன. ஜாலான் அம்பாங்கில் ஒரு கட்டடம், 1984-இல் பழைய ஹோட்டல் கட்டடம் என்று இடம் மாறி, 1998-இல் இப்போதுள்ள சொந்தக் கட்டடத்துக்கு வந்து சேர்ந்தது.

ஓவியத்தைப் பார்க்க என்ன தெரிந்திருக்க வேண்டும்? நம்மைத் தயங்க வைக்கும் கேள்வி இதுதான். பொறுமை இருந்தால் போதும். நூறு படங்களை நடந்துகொண்டே பார்ப்பதைவிட, மனத்துக்குப் பிடித்த ஒரு படத்தின் முன் நின்று பார்ப்பது மேல். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது? அந்த மனிதர் என்ன வேலை செய்கிறார்? அவர் முகத்தில் களைப்பா, மகிழ்ச்சியா? இருட்டு விலகும் முன்பே காட்டுக்குள் போய், மரத்துக்கு மரம் பட்டையின் நிறத்தைப் பார்த்து வெட்டிய கண்ணுக்கு, இதைப் பார்க்கத் தெரியாதா என்ன? சில படங்கள் புரியாது. போகட்டும், அடுத்ததைப் பாருங்கள்.

கலைக்கூடத்துக்கு அருகிலேயே 1999-இல் திறக்கப்பட்ட இஸ்தானா புடாயா என்னும் பெரிய நாடக அரங்கம் இருக்கிறது. நிலாப் பட்டம் என்னும் ‘வாவ் புலான்’ வடிவத்தைக் கருத்தில் வைத்துக் கட்டியது. அதே சாலையில் தேசிய நூலகம். அதன் கூரை மலாய்க்காரர் அணியும் ‘தெங்கோலோக்’ தலைப்பாகையை நினைவூட்டும். 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி, இந்நாட்டில் வெளியாகும் நூல்களின் படிகளைப் பதிப்பித்தவர்கள் தேசிய நூலகத்தில் ஒப்படைக்க வேண்டும். தமிழ் நூலுக்கும் அதே சட்டந்தான். தோட்டத்துப் பையன் ஒருவன் நாளை கதைப் புத்தகம் வெளியிட்டால், அதற்கும் அங்கே இடம் உண்டு.

நம்முடைய இசையும் நடனமும் வேண்டுமென்றால் பிரிக்பீல்ட்ஸ் போகலாம். 1981-இல் தொடங்கிய நுண்கலைக் கோயில் அங்கே பரதநாட்டியமும் கர்நாடக இசையும் கற்பித்து வருகிறது. 1983-இல் ரம்லி இப்ராகிம் என்னும் மலாய்க் கலைஞர் தொடங்கிய சூத்ரா நடனக் குழு, பரதத்தையும் ஒடிசியையும் உலக மேடைகளுக்குக் கொண்டு சென்றிருக்கிறது. கலைக்கு இனவேலி இல்லை என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இத்தனையையும் ஒரே நாளில் பார்க்க முயல வேண்டாம். பிள்ளைகள் களைத்துப் போவார்கள். பெரியவர்களுக்குக் கால் வலிக்கும். ஒரு நாளைக்கு ஓரிடம் போதும். முதலில் அரும்பொருளகத்துக்குப் போங்கள். 2017-இல் அதன் பெயரிலேயே இரயில் நிலையம் திறந்துவிட்டார்கள், கே.எல். சென்ட்ரலிலிருந்து நடந்தே போகலாம். புறப்படுமுன் திறந்திருக்கும் நாளையும் நேரத்தையும் கட்டணத்தையும் விசாரித்துக்கொள்ளுங்கள். பள்ளியில் படிக்கும் பிள்ளையிடம் பலகைகளைப் படிக்கும் பொறுப்பைக் கொடுங்கள். தாத்தா பாட்டியைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். அவர்களை வாசலில் உட்கார வைத்துவிட வேண்டாம்.

கடைசியாக ஒன்று. பல தோட்டங்கள் இன்று இல்லை. கித்தா மரங்களை வெட்டிச் செம்பனை நட்டார்கள். சில இடங்களில் வீடமைப்புத் திட்டம் வந்துவிட்டது. லயங்கள் இடிபட்டு, நம்மில் பலர் அடுக்குமாடி வீடுகளுக்கு மாறிவிட்டோம். மாறும்போது பால்வெட்டும் கத்தி, பால் மங்கு, காண்டாக் கம்பு எல்லாவற்றையும் “இனி எதற்கு?” என்று போட்டுவிட்டு வந்தோம். அரும்பொருளகத்தில் கண்ணாடிப் பேழைக்குள் இருப்பவையும் ஒரு காலத்தில் யாரோ அன்றாடம் கையாண்ட பொருள்கள்தாம். யாரோ ஒருவர் எடுத்து வைத்ததால் அவை மிஞ்சின. கலைக்கூடத்துக்கு நான்கு படைப்புகள் தொடக்கமாக இருந்தன. உங்கள் வீட்டில் ஒரு கத்தியும் ஒரு பழைய படமும் இருந்தால் அதுவே தொடக்கம்.

இன்றிரவே அந்தப் படத்தை எடுங்கள். அதில் இருப்பவர்கள் யார், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று வீட்டுப் பெரியவரைக் கேட்டு, ஒரு தாளில் எழுதி அதனோடு சேர்த்து வையுங்கள். சொல்லக்கூடியவர் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.