நாவும் விரதமும்

தொந்தி கரையவேண்டுமென்று விரும்பாதார் இல்லை; இலையின் முன் அமர்ந்தபின் அவ்விருப்பத்தை நினைப்பாரும் அரியர். மனோதிடம் போதவில்லையென்று அவர்கள் பின்னர் தம்மையே நொந்துகொள்கின்றனர். நமது அபிப்பிராயத்தில் குறை மனோதிடத்தில் அன்று, அதை உபயோகிக்கும் வேளையிலேயே உள்ளது. பசியும் மணமும் ஒன்றுகூடி நிற்கும் தருணத்தில் தீர்மானம் செய்யப் புகுவோன் தோல்வியடைவதில் வியப்பென்ன?

1915-ஆம் வருஷத்தில் மகாத்மா காந்தி செய்ததைக் கவனிப்போம். தென்னாப்பிரிக்கா வாழ்வை முடித்துத் தாயகம் திரும்பிய அவருக்குச் சென்றவிடமெல்லாம் உபசாரம். பழமும் கொட்டைப் பருப்புமே அவருடைய ஆகாரம் என்றறிந்து, கல்கத்தாவில் பூபேந்திரநாத் வஸுவின் இல்லத்துப் பெண்மணிகள் இரவெல்லாம் கண்விழித்துப் பருப்புகளைத் தோலுரித்தனராம். எளிய ஆகாரமும் பிறர்க்கு இத்துணைத் தொல்லையாயிற்று! அவ்வருஷம் ஹரித்வாரத்துக் கும்பமேளாவின்போது அவர் விரதம் பூண்டார்: இந்தியாவில் இருக்குமளவும் நாளொன்றுக்கு ஐந்து பதார்த்தங்களுக்கு மேல் கொள்வதில்லை, இருட்டிய பின் உண்பதில்லை. நோய் வந்தால் மருந்தும் கணக்கில் சேருமே என்பதையும் முன்னரே யோசித்து, எக்காரணத்தாலும் விலக்கில்லை என்று முடிவுசெய்தார். பாரிஸ்டர் அன்றோ! விலக்கு ஒன்று வைத்தால் அவ்வழியே விதி முழுவதும் நழுவிவிடும் என்பது நியாயஸ்தலம் கண்டோர்க்குத் தெரியும்.

உடல் இளைப்பது அவர் நோக்கமன்று. ஆயினும் பார்பரா ரோல்ஸ் என்னும் ஆராய்ச்சியாளரும் சகாக்களும் 1981-இல் வெளியிட்ட பரிசோதனைகளில், ஒரே பண்டம் பரிமாறியபோதைவிடப் பலவகை பரிமாறியபோது ஜனங்கள் அதிகமாக உண்டது தெரியவந்தது. ஒரு சுவை தெவிட்டினாலும் மற்றொன்று தெவிட்டுவதில்லை. சாம்பார் சாதத்தில் நிறைந்த வயிற்றில் பாயஸத்துக்கு இடம் பிறக்கும் ரகசியம் இதுவே. அளவைக் குறைப்பதினும் வகையைக் குறைப்பது எளிது. எண்ணினால் போதும், எடைபோட வேண்டுவதில்லை.

இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டோர்க்கு நீரிழிவு உண்டென 2023-இல் வெளியான ஆராய்ச்சி கணக்கிட்டது. பருத்த தேகம் அந்நோய்க்கு வழிகோலும் காரணங்களில் ஒன்று. பொதுக்காரியத்தில் உழைப்போர்க்கோ கூட்டந்தோறும் வடையும் தேநீரும், கூட்டம் கலைந்த நள்ளிரவில் பரோட்டாவும் காத்திருக்கின்றன. இன்று இத்தனை வகை, இத்தனை மணிக்குமேல் இல்லை என்று வீட்டைவிட்டுப் புறப்படுமுன்பே தீர்மானித்துக்கொள்ளுமாறு அவர்களை வேண்டுகிறோம். ஐந்தும் எண்ணெயில் பொரித்தவையானால் விதி கேலிக்கூத்தாகும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. இன்சுலின் போட்டுக்கொள்வோர் மட்டும் வைத்தியரைக் கேளாமல் எந்த வேளை உணவையும் விடலாகாது. அவர்க்குச் சர்க்கரை தாழ்வதும் அபாயமே.