கல்லாவில் பணம் இருக்கிறது, சாவி யாரிடம்?

கடன் ஒரு காசு இல்லை. ரொக்கமும் வங்கி முதலீடுமாக 3,000 கோடி ரூபாய்க்கு மேல் இருப்பு. அந்தக் கடையை முழுதாக விலை பேசினால் ஏறக்குறைய 1,400 கோடி ரூபாய்தான். இப்படி ஒரு சரக்கு சந்தைக்கு வந்தால் வணிகப் பெருமக்களாகிய நாம் என்ன நினைப்போம்? விற்கிறவருக்குப் புத்தி பிசகியிருக்க வேண்டும். அல்லது நம் கண்ணுக்குப் படாத வில்லங்கம் ஏதோ இருக்க வேண்டும்.

டென் நெட்வொர்க்ஸ் என்ற கேபிள் டி.வி. நிறுவனத்தின் பங்கு 2025 மார்ச் மாதத்தில் இந்த நிலையில்தான் இருந்தது. மொத்தப் பங்குகள் சுமார் 47.7 கோடி. பங்கின் விலை 30 ரூபாயை ஒட்டி. கையிருப்பை மட்டும் வகுத்துப் பார்த்தாலே பங்குக்கு 60 ரூபாய்க்கு மேல் வருகிறது. தமிழ்நாட்டில் இந்நிறுவனத்தின் பெயர் அதிகம் பழக்கமில்லை. ஆனால் சிறு முதலீட்டாளர்களிடையே இதைப் பற்றிய வாதம் ஆண்டுக்கணக்கில் நடக்கிறது. நம் உறுப்பினர்களின் பிள்ளைகளும் கைபேசியில் டீமேட் கணக்கு வைத்துக்கொண்டு, கடையில் கூட்டம் ஓய்ந்த நேரத்தில் இதைத்தான் பேசுகிறார்கள். (இன்று புளி என்ன விலை என்று கேட்டால்தான் தெரிவதில்லை!)

வாங்கலாம் என்பவர்களின் கணக்கு எளிது. அறுபது ரூபாய் முப்பது ரூபாய்க்குக் கிடைக்கிறது, கேபிள் வியாபாரம் இனாம். முதலாளி ரிலையன்ஸ், நிறுவனம் மூழ்கிவிடும் என்ற பயமில்லை. ஒரு நாள் அந்தப் பணம் வெளியே வந்துதானே ஆக வேண்டும்? வேண்டாம் என்பவர்கள், இத்தனை ஆண்டுகளில் ஒரு ரூபாய் டிவிடெண்டாவது வந்ததா என்று திருப்பிக் கேட்கிறார்கள்.

இரு கட்சியிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் முதலில் இது என்ன வியாபாரம் என்று பார்க்க வேண்டும். நம் பாஷையில் சொன்னால், சேனல்காரர் மில் முதலாளி. டென், ஹாத்வே போன்ற நிறுவனங்கள் மொத்த வியாபாரிகள். தெருக் கேபிள்காரர் சில்லறைக் கடைக்காரர். மொத்த வியாபாரி மில்லுக்குப் பணம் கட்டிச் சரக்கை எடுக்கிறார். வீட்டுக்காரரின் முகம் தெரிந்தவரோ கேபிள்காரர். மாத வசூலும் அவர் கையில். பழைய காலத்தில் தெருவில் இருக்கும் இணைப்பு ஒரு கணக்கு, மேலே காட்டும் இணைப்பு இன்னொரு கணக்கு என்பது ஊரறிந்த செய்தி.

2009 நவம்பரில் டென் பங்கு சந்தைக்கு வந்தபோது வெளியீட்டு விலை 195 ரூபாய். 2011இல் கேபிள் சட்டம் திருத்தப்பட்டு, வீட்டுக்கு வீடு செட்டாப் பாக்ஸ் கட்டாயம் என்றானது. 2012 நவம்பரில் பெருநகரங்களில் தொடங்கியது. (சென்னையில் மட்டும் வழக்கால் நின்றது.) 2013இல் மேலும் 38 நகரங்கள். பெட்டி வந்துவிட்டால் இணைப்புகளின் எண்ணிக்கை ஒளியாது, வசூல் முழுதும் மேலே வரும் என்று முதலீட்டாளர்கள் நம்பினார்கள். மொத்த வியாபாரம் செய்து பழகிய எவரும் அவ்வளவு சுலபமாக நம்பியிருக்க மாட்டார்கள். மூட்டையை எண்ணிவிடலாம், பாக்கியை வசூலிப்பது வேறு வித்தை.

அதுதான் நடந்தது. பெட்டியை அடக்க விலைக்கும் குறைவாகக் கொடுத்தாக வேண்டியிருந்தது. அதற்கான முதலுக்குக் கடன் வாங்கினார்கள். பெட்டி வீட்டுக்குப் போய்விட்டது, வசூல் அதே வேகத்தில் திரும்பி வரவில்லை. வட்டி ஏறியது, நஷ்டம் வந்தது. 2019 பிப்ரவரியில் டிராயின் புதிய கட்டண முறை அமலானது. 100 சேனல்களுக்கு அடிப்படைக் கட்டணம் வரி நீங்கலாக 130 ரூபாய். தனி ஒப்பந்தம் இல்லாத இடத்தில் அதில் 55 பங்கு மொத்தக்காரருக்கு, 45 பங்கு கேபிள்காரருக்கு. அதற்குள் கடையே கை மாறியிருந்தது.

2018 அக்டோபரில் ரிலையன்ஸ், டென் நிறுவனத்தின் 66 சதவீதத்தை 2,290 கோடி ரூபாய்க்கு வாங்குவதாக அறிவித்தது. பங்குக்கு 72 ரூபாய் 66 காசு. அதில் 2,045 கோடி பழைய முதலாளிகளுக்குப் போகவில்லை. புதுப் பங்குக்கான தொகையாக நிறுவனத்துக்குள்ளேயே வந்தது. கடன் தீர்ந்ததும், மிச்சம் வங்கியில் வளர்ந்ததும் இப்படித்தான். கேபிள் வசூலில் சேர்ந்த செல்வம் என்று இதை நினைப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

வியாபாரமோ சுருங்குகிறது. 2022 மார்ச்சுடன் முடிந்த ஆண்டில் 1,200 கோடிக்கு மேல் இருந்த விற்று வரவு, 2025 மார்ச்சுடன் முடிந்த ஆண்டில் சுமார் 1,000 கோடிக்கு வந்துவிட்டது. லாபம் காட்டுகிறார்கள் என்பது உண்மை. ஆனால் அதில் பெரும்பகுதி இருப்புப் பணம் ஈட்டும் வருமானம். கடைக்காரர் கடையை வாடகைக்கு விட்டுவிட்டு, வாடகையை வியாபார லாபத்தில் எழுதினால் பேரேடு எப்படி இருக்குமோ அப்படி.

இனி சாவிக்கு வருவோம். நம் மண்டிகளில் கால் பங்குக் கூட்டாளி என்றால் கணக்கைக் கொண்டா என்று உட்காரலாம். சரிப்படாவிட்டால் கூட்டையே பிரிக்கலாம். கம்பெனிப் பங்கில் அந்த உரிமை இல்லை. டென்னில் முதலாளிக்குச் சுமார் 75 சதவீதம், மற்ற எல்லோருக்கும் சேர்த்து 25. டிவிடெண்ட் எவ்வளவு என்று இயக்குநர் குழு சொல்ல வேண்டும். பங்குதாரர்களின் பொதுக்கூட்டம் அதைக் குறைக்கலாம், கூட்ட முடியாது. 3,000 கோடியையும் பிரித்தாலும் முதலாளிக்கு 2,250 கோடி, மற்றவர்களுக்கு 750 கோடி. பணம் இப்போதும் அவர் நிர்வாகத்தில்தான் இருக்கிறது. அவசரப்பட அவருக்கு என்ன காரணம்?

இன்னொரு சம்பவமும் நினைவிருக்க வேண்டும். பொதுமக்கள் கையில் குறைந்தது 25 சதவீதம் இருக்க வேண்டும் என்ற செபி விதிக்காக, 2021 மார்ச்சில் முதலாளி தரப்பு தன் பங்கில் ஒரு பகுதியை விற்றது. குறைந்தபட்ச விலை 48 ரூபாய் 50 காசு. 72 ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கியவரே அந்த விலைக்குக் கொடுத்தார். முன்பு 2020இல் டென், ஹாத்வே இரண்டையும் நெட்வொர்க்18 நிறுவனத்தோடு இணைக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. அதை வைத்துக் கணக்குப் போட்டு வாங்கியவர்களும் உண்டு. 2021இல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது.

வாங்கலாம் என்போர் கடைசியாக நம்புவது, நிறுவனத்தைச் சந்தையிலிருந்தே விலக்கிக்கொள்ளும் வழியை. அதற்கு முதலாளி கையில் 90 சதவீதம் சேர வேண்டும். ஆகவே சிறு பங்குதாரர்களிடம் நல்ல விலை பேசியாக வேண்டும். அப்போது கொஞ்ச நேரம் சாவி நம் பக்கம் வரும். அந்த நம்பிக்கை பொய்யல்ல. ஆனால் தேதி போடாத உண்டியல் அது.

சும்மா கிடக்கும் பணத்தில் கொஞ்சம் போட்டுவிட்டுக் காத்திருப்பவரைக் குறை சொல்ல மாட்டேன். தீபாவளிக் கொள்முதலுக்கு வைத்த முதலையோ, மில்லுக்குக் கட்ட வேண்டிய தொகையையோ இரண்டு மாதத்தில் எடுத்துவிடலாம் என்று இதில் போடுகிறவரை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. ஏற்கெனவே வைத்திருப்பவர்கள், காலாண்டு முடிவு வரும்போது நிகர லாபத்தோடு நிற்காமல் ‘இதர வருமானம்’ என்ற வரியையும் பாருங்கள். அதைக் கழித்தால் கேபிள் கடையில் மிஞ்சுவது என்னவென்று அங்கேயே தெரிந்துவிடும்.